காற்றின் கைங்கரியம்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களில் இரண்டு வகையார் உண்டு. எங்கேயாவது போய் வருவதற்காக வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு வகை. பழுது பார்ப்பதற்காகவே வண்டி வைத்திருப்பவர்கள் மற்றொரு வகை. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் என் வீட்டு வாசலில் நிற்கும் அம்பாஸடரை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு, நான் எந்த வகையைச் சேர்ந்தவன் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அந்த வண்டியின் குலம் கோத்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1942-ஆம் வருஷத்தில், 'வெள்ளையனே, வெளியேறு!' என்ற முழக்கம் தேசமெங்கும் எழுந்த அதே ஆண்டில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் என்னும் ஸ்தாபனம் குஜராத்திலுள்ள ஓகா துறைமுகத்தில் தொடங்கப் பெற்றது. பிறகு அது வங்காளத்தில் உத்தரபாராவுக்குக் குடி பெயர்ந்தது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேய வண்டியின் வார்ப்பை ஆதாரமாகக் கொண்டு, 1950-களின் கடைசியில் அங்கே அம்பாஸடர் பிறந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் மந்திரிகளையும் மாப்பிள்ளைகளையும் சுமந்து களைத்து, 2014-இல் அதன் உற்பத்தி நின்று போயிற்று. 1990-களில் இந்தக் கிழ வண்டிக்கு இஸுஸு எஞ்சினைப் பொருத்தி, ஐந்து கியர் கொடுத்து, யௌவனத்தைத் திருப்பிக் கொண்டு வரப் பார்த்தார்கள். என்னுடையது அந்த ரகம். 1996-ஆம் வருஷத்து வண்டி. அதற்கு 'பவர் பிரேக்' என்ற வசதியும் உண்டு. கட்டை விரலால் தொட்டால் வண்டி நிற்கும் என்று சொல்லித்தான் அதை எனக்கு விற்றார்கள். அநேகமாக அது உண்மையாகவும் இருந்தது, 2019-ஆம் வருஷம் மே மாதம் வரையில்.

* * *

அக்கினி நட்சத்திரம் தகித்துக் கொண்டிருந்த ஒரு நாள், அம்மாவைத் தில்லைநகரில் கண் வைத்தியரிடம் காட்டிவிட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு திரும்பிக் கொண்டிருந்தேன். சிந்தாமணியைத் தாண்டிக் காவேரிப் பாலத்தில் ஏறினோம். 1976-இல் திறக்கப் பெற்ற அந்தப் பாலத்தின் மீது, திருச்சியிலுள்ள வண்டிகளெல்லாம் அன்று ஒரே சமயத்தில் ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டுவிட்டன போலிருந்தது. பத்தடி நகர்வது, பிரேக்கை மிதிப்பது, மறுபடி பத்தடி நகர்வது, மறுபடி மிதிப்பது - இப்படியாக இருபது நிமிஷம் ஊர்ந்தோம். மாம்பழச் சாலையில் திரும்பி, அம்மா மண்டபம் சாலைக்கு வந்ததும் வழி கொஞ்சம் விட்டது. நானும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

காவேரியில் அப்போது மணல்தான் அதிகம். ஆயினும் ஓர் ஓரமாக ஓடிய நீரில் முழுகிவிட்டு ஜனங்கள் ஈரத் துணியுடன் சாலையைக் கடந்து கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் போன ஆட்டோ ஒன்று திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன், வண்டி தணிந்தது. ஆட்டோ ஒதுங்கி வழி விட்டது, காலை எடுத்தேன். அந்த க்ஷணத்தில் ஆட்டோவின் மறைவிலிருந்து ஒரு பாட்டியம்மாளும், அவள் கையைப் பிடித்துக் கொண்டு ஆறேழு வயதுப் பையன் ஒருவனும் வெளிப்பட்டார்கள். பையன் கையில் ஒரு பித்தளைச் சொம்பு. மறுபடியும் மிதித்தேன்.

பெடல் இறங்கவில்லை. கருங்கல்லை மிதித்தது போலிருந்தது.

இரண்டு கால்களையும் பெடலின் மேல் ஊன்றி, கை பிரேக்கையும் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். வண்டி முனகிக் கொண்டே போய் நின்றது. பையனுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழ தூரம் இருந்திருக்கும். சொம்பு அவன் கையிலிருந்து நழுவி உருண்டு, முன் சக்கரத்தில் வந்து மோதிற்று.

பையன் அழவில்லை. குனிந்து சொம்பை எடுத்து, உள்ளே பார்த்து, "தண்ணி கொட்டிப் போச்சு, பாட்டி!" என்றான். பாட்டியம்மாள் என்னை ஏறிட்டுப் பார்த்து, "பார்த்து ஓட்டப்பா!" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி நீர் மொண்டு வருவதற்காக மண்டபத்தை நோக்கித் திரும்பி நடந்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அம்மா வீடு வரும் வரையில் வாயைத் திறக்கவில்லை. வாசலில் இறங்கும்போது, "இனிமேல் நான் ஆட்டோவிலேயே போய்க்கொள்கிறேன்" என்றாள்.

* * *

மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பு, பாலக்கரைப் பக்கத்திலுள்ள ஒரு சிறு பட்டறைக்கு வண்டியை மெதுவாக ஓட்டிக் கொண்டு போனேன். அந்தப் பட்டறைக்காரர் இளைஞர். பேச்சுக் குறைவு, கை சுத்தம். ஏழெட்டு வருஷமாக என் வண்டிக்கு அவர்தான் குடும்ப வைத்தியர். பெடலை மிதித்துப் பார்த்தார். "நல்லாத்தானே சார் பிடிக்குது?" என்றார். நானும் மிதித்தேன். பிரேக்கு பரம சாதுவாகப் பிடித்தது!

வியாதிக்காரன் வைத்தியர் வீட்டு வாசற்படியை மிதித்ததும் வியாதி பறந்து போகும் விஷயம் நேயர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முதல் நாள் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. "ஏதாவது செய்யுங்கள், தம்பி" என்றேன். இப்படிச் சொன்னதுதான் நான் செய்த இரண்டாவது தவறு. முதல் தவறு இன்னதென்று பின்னால் வரும்.

'ஏதாவது' செய்ததில், முதலில் முன் சக்கரங்களின் பிரேக்குப் பட்டைகள் மாறின. நாலு நாள் கழித்து ஒரு மத்தியான வேளையில் பெடல் மறுபடி கல்லாயிற்று. மாஸ்டர் சிலிண்டர் மாறிற்று. ஒரு வாரம் கழிந்தது, மறுபடி கல். கடைசியில் பூஸ்டர் என்று சொல்லப்படும் அந்தப் பெரிய வட்டப் பெட்டியையே கழற்றிவிட்டு, வேறொரு வண்டியிலிருந்து எடுத்த பெட்டியைத் தேடிப் பிடித்துப் போட்டார். மொத்தத்தில் 17,000 ரூபாய் கரைந்தது. அன்று பட்டறையிலிருந்து திரும்பி வருகையில், சத்திரம் பஸ் நிலையத்துக்கு அருகில் பெடல் கருங்கல்லாயிற்று.

வண்டியைத் திருப்பிக் கொண்டு போய், அவருடைய வேலையாட்களும் வாடிக்கைக்காரர்களும் கேட்கும்படியாக, "உமக்குத் தொழில் தெரியாது! தெரியாதென்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே? குழந்தை ஒன்றின் உயிர் போக இருந்ததையா!" என்று கத்தினேன். அவர் பதில் சொல்லவில்லை. கையில் இருந்த துணியால் வெகு நேரம் கையைத் துடைத்துக் கொண்டிருந்தார். நான் ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்து, சாவியை ஆணியில் மாட்டினேன்.

* * *

எங்கள் வீட்டுக்கு நாலாவது வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். வீதியிலுள்ள எல்லாருக்கும் அவர் 'பொன்மலை மாமா.' அப்போது அவருக்கு வயது 87. பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பது வருஷங்களுக்கு மேல் பிரேக்குப் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறையைத் தென்னிந்திய ரயில்வேக்காரர்கள் 1928-இல் பொன்மலைக்குக் கொண்டு வந்த நாள் முதலாக, திருச்சி வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது. கூடவே கைத்தொழிலையும் சொல்லிக் கொடுத்தது.

வண்டி நாலு நாளாக அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, மாமா தடியை ஊன்றிக் கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நான் என் புராணத்தை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கொண்டு கேட்டார். பிறகு ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார்.

"உன் பிரேக்கு காலையிலே பிடிக்கிறதா, மத்தியானத்திலே பிடிக்கிறதா?"

"காலையில் பிடிக்கிறது, மாமா. மத்தியானத்தில்தான் மக்கர் செய்கிறது."

"முதல் மிதியிலேயா, இரண்டாவது மிதியிலேயா?"

அம்மா மண்டபம் சாலையை நினைத்துப் பார்த்தேன். ஆட்டோ நின்றபோது பிரேக்கு பிடித்தது. பையன் வந்தபோதுதான் பிடிக்கவில்லை. "இரண்டாவது மிதியில்" என்றேன்.

"அப்படியானால் உன் வண்டிக்கு நோய் ஒன்றுமில்லை. அதற்கு மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்" என்றார் மாமா.

அன்று மாலை அவர் எனக்குச் சொன்ன பாடத்தை, என் அற்ப புத்திக்கு எட்டிய வரையில் இங்கே எழுதுகிறேன்.

எஞ்சின் ஓயாமல் காற்றை உள்ளிழுத்துக் கொண்டிருக்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், காற்று வரும் வாசல் ஏறக்குறைய மூடிக் கொள்கிறது. ஆனால் எஞ்சின் இழுப்பதை நிறுத்துவதில்லை. அதனால் அந்த வாசலுக்கு உட்புறத்தில் வெற்றிடம் உண்டாகிறது. இதைத்தான் தொழிலாளிகள் 'வாக்குவம்' என்கிறார்கள். நல்ல பெட்ரோல் எஞ்சினில் இது பாதரசக் கணக்கில் 18 முதல் 20 அங்குலம் வரையில் இருக்கும். டீசல் எஞ்சினில் இந்த வாசல் அடைப்பு இல்லாததால், அதற்குத் தனியாக ஒரு பம்பு வைக்க வேண்டியிருக்கிறது.

பூஸ்டர் என்பது தப்பட்டை போன்ற ஒரு தகரப் பெட்டி. அதன் நடுவில் ஒரு ரப்பர்த் திரை. சும்மா இருக்கும்போது, திரையின் இரு பக்கத்துக் காற்றையும் ஒரு குழாய் வழியாக எஞ்சின் உறிஞ்சி விடுகிறது. பெடலை மிதித்ததும், ஒரு சிறு வால்வு திறந்து, திரையின் பின்புறத்தில் மட்டும் வெளிக்காற்றை விடுகிறது. முன்புறத்தில் வெற்றிடம், பின்புறத்தில் ஆகாயத்தின் பாரம். திரை முன்னால் தள்ளப்படுகிறது. அது நம் காலோடு சேர்ந்து மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. எட்டு அங்குல விட்டமுள்ள திரை என்று வைத்துக் கொண்டால், அதன் பரப்பு 50 சதுர அங்குலம். 20 அங்குல வாக்குவத்தில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் சுமார் 10 ராத்தல் பாரம் விழும். ஆகக் கூடி 500 ராத்தல். அதாவது 225 கிலோ! மூன்று தடியர்கள் நமக்காக எஞ்சின் அறைக்குள் ஒளிந்திருந்து பிரேக்கை மிதிக்கிறார்கள் என்று சொன்னால் தப்பில்லை. பெல்ஜியத்து எஞ்சினியர் அல்பேர் தெவாந்தர் என்பவர் 1920-களில் மோட்டார் வண்டிக்கு இந்த ஏற்பாட்டைச் செய்து காட்டினார்.

"இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது" என்றார் மாமா. "நாங்கள் பார்த்த ரயில் வண்டியிலும் வாக்குவ பிரேக்குதான். 21 அங்குலம். ஆனால் அங்கே வாக்குவம் பிரேக்கைப் பிடிப்பதில்லை. பிடிக்காமல் தடுத்து வைத்திருக்கிறது. குழாய் அறுந்தாலும் வண்டி துண்டாய்ப் போனாலும் காற்று உள்ளே புகுந்து, பிரேக்கு தானாகவே பிடித்துக் கொள்ளும். உன் மோட்டாரில் தலைகீழ். மூச்சுப் போனால் ரயில் நின்றுவிடும். உன் வண்டி ஓடிவிடும்!"

ரயிலுக்கும் இந்த ஞானம் சும்மா வந்துவிடவில்லை. 1889-ஆம் வருஷம் ஜூன் மாதம், அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊருக்கு அருகில், குழந்தைகள் ஏராளமாக ஏறியிருந்த ஒரு உல்லாசப் பிரயாண ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றது. வண்டியை இரண்டாகக் கழற்றினார்கள். அந்த ரயிலின் பிரேக்கு, வாக்குவம் இருந்தால்தான் பிடிக்கும் பழைய ஜாதி. கழற்றியதும் பின் பாதிக்கு அது இல்லாமற் போயிற்று. பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடி, பின்னால் வந்த ரயிலின் மீது மோதின. எண்பது பேர் வரையில் மாண்டார்கள். அதே வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, பிரயாணி வண்டிகளுக்குத் தானே பிடித்துக் கொள்ளும் பிரேக்கு கட்டாயம் என்று சட்டம் செய்தது.

இந்தக் கதையைக் கேட்டபோது, ஈரத் துணியுடன் நின்ற அந்தப் பையனின் முகம் என் கண் முன் வந்தது.

* * *

"பெடல் மூன்று பாஷை பேசும்" என்றார் மாமா. "எந்தப் பாஷையில் பேசுகிறது என்று தெரிந்து கொள்ளாமல் ஸ்பானரைத் தொடாதே."

மிதித்தால் பஞ்சு மெத்தை போல் அமுங்குமானால், எண்ணெய்க் குழாய்களுக்குள் காற்றுப் புகுந்திருக்கிறது. காலை வைத்துக் கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்குமானால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. அல்லது எங்கேயோ எண்ணெய் ஒழுகுகிறது. கல்லைப் போல் இறுகுமானால்தான் பூஸ்டரையோ, அதற்கு மூச்சுக் கொடுக்கும் குழாயையோ, பட்டைகளையோ சந்தேகப்பட வேண்டும். வெளியே ஒழுகாமலே எண்ணெய் குறைந்து, புகைக் குழாயில் வெண்புகையும் வந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கத்திலிருந்து எண்ணெய் பூஸ்டருக்குள் கசிகிறது என்றும், அதை எஞ்சின் குடித்துக் கொண்டிருக்கிறது என்றும் அர்த்தம்.

பெடல் கல்லானால், ஒரு பைசாச் செலவில்லாமல் காலினாலேயே செய்யக் கூடிய சோதனைகள் மூன்று உண்டு.

முதலாவது: எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடலை ஐந்தாறு முறை மிதித்துப் பூஸ்டரில் மிச்சமுள்ள வாக்குவத்தைத் தீர்த்துவிட வேண்டும். இறுகிய பெடலின் மேல் காலை வைத்தபடியே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு உயிர் இருக்கிறது. இறங்காவிட்டால் மூச்சு வரவில்லை, அல்லது திரை கிழிந்திருக்கிறது.

இரண்டாவது: எஞ்சினை ஓரிரு நிமிஷம் ஓட விட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்து மிதிக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு மிதிகளாவது லேசாக இருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே இறுகினால், மூச்சைத் திரும்ப விடாமல் காக்கும் ஒருவழி வால்வு கெட்டிருக்கலாம். அதைக் கழற்றி வாயால் ஊதிப் பார்க்கலாம். ஒரு பக்கம் காற்றுப் போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது.

மூன்றாவது: எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்துக் கொண்டு, எஞ்சினை நிறுத்தி, அரை நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். பெடல் காலை மேலே தள்ளினால் பூஸ்டர் கசிகிறது. மிதிக்கும்போது 'உஸ்' என்று ஓயாமல் சத்தம் வந்தாலும், எஞ்சின் தடுமாறினாலும் அதே அர்த்தந்தான்.

மூன்று சோதனைகளையும் அன்று சாயங்காலமே செய்தோம். நாலு நாளாக நிழலில் குளிர்ந்து கிடந்த வண்டி மூன்றிலும் முதல் வகுப்பில் தேறிற்று! நான் அழாக் குறையாக மாமாவைப் பார்த்தேன்.

"நாளை மத்தியானம் இரண்டு மணிக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் தடியை ஊன்றிக் கொண்டு எழுந்தார்.

* * *

மறுநாள் மாமா ஒரு மஞ்சள் பையுடன் வந்தார். பையிலிருந்து பித்தளை வளையம் போட்ட ஒரு வாக்குவக் கடிகாரம் வெளிவந்தது. நான் அதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். "ரயில்வே சொத்து அல்ல! காசு கொடுத்து வாங்கியது" என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

பூஸ்டரின் வாயருகில் முப்பிரிவாக ஒரு சிறு குழாயைச் செருகி, கடிகாரத்தை அதில் மாட்டினார். எஞ்சினைக் கிளப்பினேன். முள் 19-இல் போய் நின்றது. பெடலை மிதித்து விட்டேன். முள் விழுந்து, இரண்டு எண்ணுவதற்குள் மறுபடி 19-க்கு ஏறிற்று. "சரி, இப்போது வண்டிக்குக் காய்ச்சல் வரட்டும்" என்றார். திருவானைக்காவல் வரையில் தனியாகவே ஓட்டிக் கொண்டு போய், கூட்டத்தில் வேண்டுமென்றே நின்று நின்று ஊர்ந்து, அரை மணி கழித்துத் திரும்பினேன். எஞ்சின் மூடியைத் திறந்ததும் அடுப்படியில் நின்றாற்போல் அனல் வீசிற்று.

முள் அதே 19-இல்தான் நின்றது. "அப்படியேதான் இருக்கிறது, மாமா" என்றேன் ஏமாற்றத்துடன்.

"எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்காதே. எத்தனை நேரத்தில் ஏறுகிறது என்று பார்" என்று சொல்லி, மாமா தம் கைக்கடிகாரத்தைக் கண்ணருகில் வைத்துக் கொண்டார். "மிதி, விடு!"

முள் விழுந்தது. பிறகு, கிழவன் மலைக்கோட்டைப் படி ஏறுவது போல, ஏறிற்று, நின்றது, ஏறிற்று. 19-ஐத் தொடுவதற்குப் பதினெட்டு விநாடி ஆயிற்று. அந்தப் பதினெட்டு விநாடிக்குள் யாராவது குறுக்கே வந்தால் பிரேக்கு கிடையாது!

மாமா கையில் துணியைச் சுற்றிக் கொண்டு, எஞ்சினிலிருந்து பூஸ்டருக்கு வரும் ரப்பர்க் குழாயை மெல்லத் தடவிக் கொண்டே போனார். எஞ்சினை ஒட்டி அது வளையும் இடத்தில் அவர் கை நின்றது. "இங்கே தொட்டுப் பார்" என்றார். தொட்டேன். சூட்டில் இளகிய குழாய், உறிஞ்சலில் சப்பையாகி ஒட்டிக் கிடந்தது. எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து முறை மிதித்ததும் அது மெல்லப் புடைத்து மறுபடி உருண்டையாயிற்று.

"இது தண்ணீர்க் குழாய் அல்லவா? உள்ளேயிருந்து தள்ளுவதைத் தாங்கும். வெளியேயிருந்து நெருக்குவதைத் தாங்காது. இதை யார் போட்டது?" என்று மாமா கேட்டார்.

நேயர்களே! இதுதான் நான் முன்னே சொன்ன முதல் தவறு. மூன்று வருஷங்களுக்கு முன், பழைய குழாய் வெடித்துப் போயிருப்பதைக் கண்டு, அதற்கென்று உள்ள வாக்குவக் குழாயின் விலை அதிகம் என்று நினைத்து, அதே பருமனில் ஒரு முழம் தண்ணீர்க் குழாய் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கையாலேயே மாட்டியவன் நான். மாட்டிவிட்டு, மிச்சம் பிடித்த பணத்தைப் பற்றி வீட்டில் பெருமையும் அடித்துக் கொண்டேன். குழாய் நாளாக ஆக நைந்து போனது எனக்குத் தெரியவில்லை. பட்டறைக்காரர் அதைப் பார்த்தது எப்போதும் காலை வேளையில், குளிர்ந்த எஞ்சினில். அப்போதெல்லாம் அது அழகாக உருண்டையாகவே இருந்தது.

"நான்தான், மாமா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைத் துடைத்துப் பையில் போட்டுக் கொண்டார்.

* * *

வலை போட்டு வலுவூட்டிய சரியான வாக்குவக் குழாயை வாங்கிக் கொண்டு, மறுநாள் பாலக்கரைக்குப் போனேன். அன்று யார் யார் முன்னிலையில் கத்தினேனோ, அவர்களில் பாதிப் பேராவது இருக்கும் சமயம் பார்த்துப் போனேன். நடந்ததைச் சொன்னேன். "தவறு என்னுடையது, தம்பி. தொழில் தெரியாதவன் நீங்கள் அல்ல, நான்தான்" என்றேன். இதைச் சொல்வதற்கு, காவேரிப் பாலத்தைத் தாண்டிய நேரம் முழுவதும் ஒத்திகை பார்த்திருந்தும், நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கிற்று.

அவர் சிறிது நேரம் குழாயையே பார்த்துக் கொண்டிருந்தார். "நானும் தொட்டுப் பார்த்தேன் சார். காலையிலதான் பார்த்தேன். சூடு பண்ணிப் பார்க்கணும்னு தோணலை" என்றார். பிறகு உள்ளே போய், என்னுடைய பழைய பூஸ்டரைக் கொண்டு வந்து வைத்தார். "இது நல்லாத்தான் இருக்குது. தூக்கிப் போட மனசு வரலை. இதையே மாட்டிக் கொடுத்துடறேன், அந்தப் பெட்டிக்கு வாங்கின பணத்தைத் திருப்பித் தந்துடறேன்" என்றார். நான் பணத்தை வாங்க மறுத்தேன். அவர் வற்புறுத்தினார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பெரியவரை நான் பார்க்கலாமா, சார்?"

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இளைஞர் எங்கள் வீதிக்கு வந்து, மாமாவின் திண்ணையில் உட்கார்ந்து பாடம் கேட்டதுண்டு. மாமா அவருக்குச் சொன்னதில் ஒரு விஷயத்தை வண்டி ஓட்டுகிறவர்கள் அவசியம் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். ஓடும்போது பெடல் கல்லாய் இறுகினால், விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. விடும் ஒவ்வொரு தடவையும் மிச்சமுள்ள மூச்சும் போய்விடும். ஒரே அழுத்தாகப் பலங்கொண்ட மட்டும் மிதித்துக் கொண்டே, கியரைக் குறைத்து, கை பிரேக்கையும் இழுக்க வேண்டும். பூஸ்டர் செத்தாலும் பிரேக்கு சாவதில்லை. நம் கால் ஒன்றே முழு வேலையையும் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மாறாக, பெடல் தொய்ந்து அடியில் போய்த் தட்டினால், அப்போதுதான் விட்டு விட்டு வேகமாக மிதிக்க வேண்டும்.

2021-இல் பொன்மலை மாமா காலமானார். அந்தப் பித்தளைக் கடிகாரம் இப்போது பாலக்கரைப் பட்டறையில், பூஜைப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. பிரேக்கு சரியில்லை என்று வருகிறவர்களிடம், "எப்பப் பிடிக்கலை? காலையிலயா, மத்தியானமா?" என்றுதான் அந்த இளைஞர் முதலில் கேட்கிறாராம்.

அம்மா மறுபடியும் என் வண்டியில் வருகிறாள். உடனே வந்துவிடவில்லை, ஆறு மாதம் ஆயிற்று. இப்போதும் அவள் பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்ததும் கதவைச் சாத்த விடுவதில்லை. நான் எஞ்சினை நிறுத்தி, ஐந்து முறை மிதித்து, காலை வைத்தபடியே எஞ்சினைக் கிளப்பி, பெடல் இறங்குகிறதா என்று பார்க்கும் வரையில் காத்திருக்கிறாள்.

"இறங்கிற்றா?" என்று கேட்கிறாள்.

"இறங்கிற்று, அம்மா."

அதற்குப் பிறகுதான் கதவு சாத்தப்படுகிறது.